கடல் கடந்த கன்னியர்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரிலே, ஐந்தாம் அவென்யூ என்னும் பெருவீதியில், வானளாவ நிற்கிறது புனித பத்திரிசியார் பேராலயம். 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பேராயர் ஜான் ஹியூஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். அன்று அவ்விடம் ஊருக்குப் புறம்பே கிடந்தது. “ஹியூஸின் பைத்தியக்காரத்தனம்” என்று நகைத்தார்கள் ஊரார். செல்வர் 103 பேர் தலைக்கு ஆயிரம் டாலர் தந்தார்கள். அந்தப் பணம் தொடக்க வேலைக்கே கரைந்துபோயிற்று. பின்னர் உள்நாட்டுப் போரும் வந்து சேர, சுவர்கள் அரைகுறையாய் ஆண்டுக்கணக்கில் நின்றன. 1879 மே 25 அன்றுதான் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் கல்லையும் சுண்ணாம்பையும் வாங்கிய பணத்தில் கணிசமான பங்கு, பிறர் வீட்டு அடுப்படியில் வேலை செய்த அயர்லாந்துப் பெண்களின் சில்லறைக் காசு என்பதை அந்நகரத்தார் இன்றளவும் மறக்கவில்லை.

இந்த யூபிலி மலரின் மற்றப் பக்கங்களில் நம் ஆலயம் எழும்பிய வரலாற்றைப் பெரியவர்கள் எழுதுகிறார்கள். கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டுகளை வாசித்தபோது நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. உண்டியலில் விழுந்த காசுக்குப் பெயர் எழுதுவார் யார்? அந்த எண்ணத்தோடுதான் உலகத் திருச்சபை வரலாற்றில் இந்தப் பக்கத்தைப் புரட்டினோம். பெண்கள் தனியே கடல் கடந்து பிழைக்கச் செல்வது நேற்று முளைத்த வழக்கம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியராயும் பணிப்பெண்களாயும் போகும் நம் பிள்ளைகளைப் பற்றித் திண்ணையில் பேசும்போது, “காலம் கெட்டுவிட்டது” என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. அயர்லாந்தோ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தன் மகள்களைக் கப்பலேற்றிய நாடு. அவர்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பதே நாம் இங்கே சொல்ல வந்த செய்தி.

அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனால் நிலமோ இங்கிலாந்து வழிவந்த புரோட்டஸ்டண்டு பிரபுக்கள் கையில் இருந்தது. குடியானவன் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, விளைந்த தானியத்தை வாரமாகக் கொடுப்பதற்கென்று விற்றுவிட்டு, உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தான். 1845-இல் அந்தக் கிழங்கில் கருகல் நோய் கண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது விடவில்லை. 1852 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தில் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் ஏற்றிய கப்பல்கள் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன! 1841-இல் ஏறத்தாழ 82 இலட்சமாயிருந்த மக்கள்தொகை 1851-இல் 65½ இலட்சமாயிற்று. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே வந்து, 1901-இல் 45 இலட்சத்துக்கும் கீழே போயிற்று. பஞ்சம் தீர்ந்து அரை நூற்றாண்டு ஆன பின்பும் ஒரு நாடு ஏன் காலியாகிக்கொண்டிருந்தது?

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் ஓடியவர்கள் குடும்பம் குடும்பமாக ஓடினார்கள். அவர்களை விரட்டியது பசி. அடுத்த தலைமுறையில் கப்பலேறியவர்களில் பாதிப் பேர், சில ஆண்டுகளில் பாதிக்கும் மேலானோர், மணமாகாத இளம்பெண்கள். 1885 முதல் 1920 வரை மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் பெண்கள் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். அக்காலத்தில் இத்தாலியிலிருந்தும் கிரேக்க நாட்டிலிருந்தும் அமெரிக்கா சென்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்பெண்கள் கணவனோடு போனார்கள், அல்லது கணவன் வரவழைத்த பின் போனார்கள். அயர்லாந்துப் பெண் மட்டும் பதினெட்டு, இருபது வயதில், தகரப் பெட்டி ஒன்றோடு தனியே போனாள். இதற்குப் பசி மட்டுமே காரணமாயிருக்க முடியாது.

முதற்காரணம் நிலம். பஞ்சத்துக்கு முன் தகப்பன் தன் துண்டு நிலத்தை மக்களுக்கெல்லாம் பங்கிட்டான். பங்கிடப் பங்கிட அது கால் காணி, அரைக்கால் காணியாயிற்று. பஞ்சம் அந்த வழக்கத்தை முறித்துப்போட்டது. இனி நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு என்றாயிற்று. அந்த மகனுக்கும் எப்போது? தகப்பன் கை ஓய்ந்த பிறகு. ஆகவே நாற்பது வயதை நெருங்கியும் ‘பையன்’ என்றே அழைக்கப்பட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த ஆண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இரண்டாவது காரணம் சீதனம். இதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை! நிலமுள்ள மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட வேண்டுமானால் பெண்ணுக்குச் சீதனம் வேண்டும். ஒரு குடும்பத்தால் ஒரு பெண்ணுக்குத்தான் அதைத் திரட்ட முடிந்தது. அந்தப் பணம் பெண்ணின் கைக்கும் வராது, மாப்பிள்ளையின் கைக்கும் வராது. மாமனார் வாங்கிக்கொள்வார். அதைக் கொண்டு தம் சொந்த மகளுக்குச் சீதனம் கொடுப்பார், அல்லது அவளைக் கப்பலேற்றிவிடுவார். ஒரு வீட்டுப் பெண் கொண்டுவந்த பணம் மறுவீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பியது. எண்ணிப் பார்த்தால் விந்தையான சுழற்சி. நான்கு பெண் மக்கள் உள்ள வீட்டில் ஒருத்திக்குக் கல்யாணம். மற்ற மூவருக்கும் என்ன வழி? அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாய்க் காலந்தள்ளலாம். கன்னியர் மடத்தில் சேரலாம். கப்பலேறலாம். 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதை ஒட்டிய அயர்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருத்தி மணமாகாதவள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெண்களுக்கென்று இருந்த சிறு வருவாய்கள் ஒவ்வொன்றாய்க் கைநழுவிப் போயின. முன்பு ஒவ்வொரு குடிசையிலும் இராட்டை சுழன்றது. பெண்கள் நூற்ற நூல் வாரப் பணத்துக்கு உதவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆலை நூல் வந்து இராட்டைகளை மூலையில் போட்டுவிட்டது. வெண்ணெய் கடைவது பெண்கள் வேலை. அந்தக் காசு வீட்டுக்காரியின் முந்தானை முடிச்சில் இருந்தது. 1889-இல் லிமரிக் மாவட்டத்தில் கூட்டுறவு வெண்ணெய்ப் பண்ணை தொடங்கியது. விரைவில் அது நாடெங்கும் பரவ, பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் ஆண், பணத்தை எண்ணி வாங்கியவனும் ஆண். கூட்டுறவு இயக்கத்தை நாம் குறைகூறவில்லை. அது குடியானவர்க்குப் பெரும் நன்மை செய்தது. ஆனால் அந்த நன்மைக்கு வீட்டுப் பெண் கொடுத்த விலையைக் கணக்கில் எழுதியவர் குறைவு. கடைசியில் அவளுக்கு மிஞ்சியது கோழி முட்டைக் காசு ஒன்றுதான்.

இவற்றோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1831 முதல் அரசு நடத்திய பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ஆர்வத்தோடு படித்தார்கள். வயலில் ஆண்பிள்ளைக்கு வேலை இருந்தது, பெண்பிள்ளைக்கு அத்தனை இல்லை. ஆங்கிலமும் எழுத்தும் கணக்கும் கற்றவளுக்கு ஊரில் வேலை ஏது? அவள் கற்ற எழுத்து பயன்பட்டது ‘அமெரிக்கக் கடிதம்’ வாசிக்க. முன்னே போன அக்காளிடமிருந்து வரும் அந்தக் கடிதத்தைச் சுற்றி அண்டை அயலாரெல்லாம் கூடி உட்கார்ந்து கேட்பார்களாம். கடிதத்துக்குள் பணம் இருக்கும். சில வேளைகளில் அதைவிட மேலான ஒன்று இருக்கும்: தங்கையின் பெயருக்குப் பணம் கட்டிய கப்பல் சீட்டு. 1848 முதல் 1900 வரை வட அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கு வந்த பணம் ஏறத்தாழ 26 கோடி டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கு இத்தகைய முன்கூட்டிக் கட்டிய சீட்டுகளாகவே வந்தது. அக்காள் தங்கையை அழைத்தாள், தங்கை அடுத்தவளை அழைத்தாள், சித்தி அக்காள் மகளை அழைத்தாள். அவர்களைக் கூட்டிச் சென்ற தரகர் வேறொருவரும் இல்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவை ‘அமெரிக்கச் சாவிழிப்பு’ என்றே அந்நாட்டார் அழைத்தார்கள். பிணத்தருகே விழித்திருப்பது போல, உயிரோடிருக்கும் மகளைச் சுற்றி அயலார் விடிய விடிய விழித்திருப்பார்கள். ஆட்டமும் பாட்டும் இருக்கும். விடியற்காலையில் ஒப்பாரியும் இருக்கும். திரும்பி வருவோர் மிகச் சிலர் என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். பிறகு தென்கோடியிலுள்ள கோவ் துறைமுகத்துக்கு இரயில் பயணம். 1848 முதல் 1950 வரை இந்த ஒரு துறைமுகம் வழியாக மட்டும் வெளியேறியவர் 25 இலட்சத்துக்கும் மேல். துறைமுகத்தின் மேட்டில் புனித கோல்மன் பேராலயம் 1868 முதல் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. கப்பலேறியோர் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்த தாய்நாட்டுக் காட்சி அதுவே. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த காணிக்கையும் அந்தக் கற்களில் இருக்கிறது.

பயணத்தின் துன்பங்களை விரித்துரைக்கப் புகுந்தால் இம்மலரில் இடம் போதாது. பாய்மரக் காலத்தில் ஐந்தாறு வாரம், நீராவிக் கப்பல் வந்தபின் பத்து நாள். கப்பலின் அடித்தட்டில் ஆணும் பெண்ணும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இந்நிலையைக் கண்டு கொதித்தெழுந்தவர் சார்லட் கிரேஸ் ஓ’பிரையன் என்னும் மாது. அவர் அப்போது புரோட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர், பின்னர் 1887-இல் கத்தோலிக்கரானார். 1881-இல் கப்பல்களின் அவலத்தைப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டு துறைமுக நகரில் தம் பொறுப்பில் ஒரு தங்கும் விடுதி திறந்தார். எழுதியதோடு நில்லாமல் தாமே அமெரிக்காவுக்குச் சென்று, கரையிறங்கும் பெண்களின் கதியை நேரில் கண்டார். அவருக்கு முன்பே வியர் ஃபாஸ்டர் என்னும் கொடையாளி, ஏழைப் பெண்கள் 20,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயண உதவி செய்திருந்தார். குருக்களில் பலர் இவ்வுதவியை விரும்பவில்லை. மகள்களை அனுப்பிவிட்டால் அயர்லாந்து அழியும் என்றார்கள். அவர்கள் அச்சம் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மகள்களுக்கு ஊரிலேயே என்ன வழி என்பதை அவர்கள் சொல்லவுமில்லை.

நியூயார்க்கில் இறங்கும் பெண்ணுக்காகக் காத்திருந்தவர்களில் நல்லவரும் உண்டு, கயவரும் உண்டு. பொய் விடுதி நடத்துவோர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோர், வேலை தருவதாய்ச் சொல்லித் தீய வீட்டுக்கு அழைத்துச் செல்வோர் எனப் பலர். ஓ’பிரையன் அம்மையாரின் முயற்சியாலும் அமெரிக்க ஆயர் சிலரின் ஆதரவாலும், 1883-இன் இறுதியில் அருட்தந்தை ஜான் ரியோர்டன் கரையிறங்கு துறையிலேயே பணியாற்ற அமர்த்தப்பட்டார். செபமாலை மாதாவின் பெயரால் அமைந்த அந்தப் பணியகம், விரைவில் துறைக்கு எதிரிலேயே 7, ஸ்டேட் வீதியில் ஒரு பழைய மாளிகையை வாங்கிப் பெண்கள் இல்லமாக்கியது. ஒவ்வொரு கப்பலும் வரும்போது இல்லத்தின் ஆள் போய் நிற்பார். உறவினர் வந்து அழைக்கும் வரை, அல்லது நல்ல வீட்டில் வேலை அமையும் வரை, பெண்ணுக்கு உணவும் படுக்கையும் இலவசம். தேடி வரும் உறவினர் மெய்யாகவே உறவினர்தானா என்று விசாரித்த பின்பே அவளை அனுப்புவார்கள். இவ்வாறு காக்கப்பட்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பெண்கள் என்பர். தந்தை ரியோர்டன் நான்கே ஆண்டில், 1887-இல், இறந்துபோனார். இல்லம் அவருக்குப் பின்னும் நடந்தது. அந்தக் கட்டடம் இன்றும் ஆலயமாய் நிற்கிறது.

வேலை என்றால் பெரும்பாலும் வீட்டு வேலை. அமெரிக்காவில் பிறந்த பெண்கள் அதை இழிவென்று ஒதுக்கினார்கள். ஆகவே ஆள் பஞ்சம். வந்தவளுக்கோ அதில் ஒரு வசதி இருந்தது: தங்க இடமும் உணவும் சம்பளத்துக்கு மேலே கிடைக்கும், சம்பளம் முழுவதும் மிஞ்சும். 1900-ஆம் ஆண்டில் அங்கே வேலை பார்த்த அயர்லாந்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டுப் பணியாளர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, இரவில் கடைசியாய் விளக்கணைக்கும் வாழ்வு. மேல்மாடியில் குளிர்காலத்தில் உறைந்தும் கோடையில் வெந்தும் கிடக்கும் சிற்றறை. அவளுக்கென்று ஒரு பெயரும் இல்லை. எந்த வீட்டிலும் அவள் ‘பிடி’தான். புனித பிரிஜித்தம்மாளின் பெயரை அப்படிச் சுருக்கி ஏளனமாய் அழைத்தார்கள். பத்திரிகைகளில் வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களில், “அயர்லாந்தார் விண்ணப்பிக்க வேண்டாம்” என்ற வரியும் வந்தது. ‘பக்’ என்னும் நகைச்சுவை இதழ் 1883-இல் ஒரு சித்திரம் வெளியிட்டது. தடித்த வேலைக்காரி ஒருத்தி அடுப்படியில் நின்று முட்டியை ஆட்ட, எதிரே ஒல்லியான எசமானி நடுங்கி நிற்கிறாள். ஏளனமாய் வரைந்த படந்தான். ஆனால் அதில் ஓர் உண்மையும் எட்டிப்பார்க்கிறது. பிடிக்காத வீட்டைவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் துணிவு அவளுக்கு இருந்தது, ஆள் பஞ்சம் இருந்த வரையில் அவளுக்கு வேலையும் இருந்தது. ஊரில் அண்ணன் வீட்டில் அந்தத் துணிவுக்கு இடமில்லை.

ஞாயிறு விடியற்காலைத் திருப்பலி இந்தப் பெண்களால் நிறைந்திருக்கும். எசமானியின் காலைச் சிற்றுண்டிக்கு முன் திரும்பியாக வேண்டுமல்லவா! அங்கே காணிக்கைத் தட்டில் விழுந்த காசுதான் நகரத்துக்கு நகரம் ஆலயமாகவும் பள்ளியாகவும் அநாதை இல்லமாகவும் எழும்பியது. 1850-இல் பேராயர் ஹியூஸின் ஊக்கத்தால் நியூயார்க்கில் குடியேறியோர் சேமிப்பு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பழைய பேரேடுகளில் வீட்டுப் பணிப்பெண்களின் கணக்குகள் ஏராளம். எல்லாரும் செழித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. காசநோயால் மாண்டவர் உண்டு, ஏழையர் விடுதியில் முடிந்தவர் உண்டு. ஆயினும் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். அதே 1900-இல், அங்கே பிறந்த அவர்களுடைய மகள்மாரில் வீட்டு வேலைக்குப் போனவர் ஐந்தில் ஒரு பங்குதான். பலர் ஆசிரியைகளாய் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவையும் மறக்கலாகாது. பஞ்சத்தின் நடுவே, 1848 முதல் 1850 வரை, ஏழையர் விடுதிகளில் கிடந்த அநாதைப் பெண்கள் 4,000-க்கும் மேற்பட்டோரை அரசே கப்பலேற்றி அங்கே அனுப்பியது. பெரும்பாலும் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள். குடியேற்ற நாட்டில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. இங்கே சோறு போட விருப்பமில்லை, அங்கே வேலைக்கும் மனைவிக்கும் ஆள் தேவை. ஆளுக்கு ஒரு பெட்டி, அதில் ஆறு உள்ளாடை, ஆறு சோடிக் காலுறை, இரண்டு சோடிச் செருப்பு, இரண்டு கவுன். சிட்னி பத்திரிகைகள் அவர்களைத் தூற்றின. இன்று அதே நகரில், அவர்கள் முதலில் தங்கிய ஹைட் பார்க் பாசறையின் சுவரருகே நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன் கண்ணாடியில் அப்பெண்கள் நானூறு பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

கன்னியர் மடம் மற்றொரு வழி என்று மேலே சொன்னோம். அந்த வழி நம் நாடு வரை நீண்டது. 1775-இல் நானோ நேகிள் அம்மையார் கார்க் நகரில் தொடங்கிய காணிக்கை அன்னை சபையின் கன்னியர் சிலர், 1842 சனவரியில் சென்னைக்கு வந்து கறுப்பர் பட்டணத்தில் மடமும் பள்ளியும் தொடங்கினர். அதற்குச் சில நாட்களுக்கு முன், 1841-இன் முடிவில், லொரேட்டோ கன்னியர் கல்கத்தா வந்து சேர்ந்தனர். பின்னாளில் அன்னை தெரேசா 1928-இல் அயர்லாந்து சென்று இதே லொரேட்டோ சபையில் சேர்ந்துதான் இந்தியா வந்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றியோ நிலமும் கடலும் மாறி மாறியோ வந்த அந்நாளைய பயணங்களையும், பழக்கமில்லாத வெயிலையும் வாந்திபேதியையும் எண்ணுங்கள். அவர்களை அழைத்தது தேவ அழைத்தலே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வரலாறு எழுதும்போது மற்றதையும் மறைக்கலாகாது. அந்நாளில் அயர்லாந்து மடங்களில் சேரவும் சீதனம் வேண்டியிருந்தது. அது இல்லாதவள் அடுப்படிச் சகோதரியாய்ச் சேர்க்கப்பட்டாள். தூரதேசத்து மடங்கள் பலவோ சீதனம் கேட்காமல் சேர்த்துக்கொண்டன. 1800-இல் அயர்லாந்தில் ஏறத்தாழ 120 கன்னியரே இருந்தனர். 1901-இல் 8,000-க்கும் மேல். வெளிநாடு சென்றோர் இக்கணக்கில் சேரவில்லை. வேலைக்காரியாய்ப் போன தமக்கையும் துறவியாய்ப் போன தங்கையும் ஒரே வீட்டிலிருந்து, பல நேரங்களில் ஒரே காரணத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள் என்றால் அது எந்த அழைத்தலுக்கும் குறைவாகாது.

சொல்லத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு. மணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்கு அயர்லாந்துக் கிராமத்தில் இடமில்லை. வீடும் ஊரும், சொல்ல வருந்துகிறோம், பங்கும் அவளுக்குக் கதவடைத்தன. பலர் இரவோடு இரவாய் இங்கிலாந்துக் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் பலர் தாய்-சேய் இல்லங்களில் அடைபட்டார்கள். அங்கே நடந்தவற்றை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை 2021 சனவரியில் வெளியாயிற்று. அரசும் மன்னிப்புக் கேட்டது, ஆயர்களும் கேட்டார்கள்.

1912 ஏப்ரலில் மேயோ மாவட்டத்து அடர்கூல் என்னும் ஒரே பங்கிலிருந்து 14 பேர் ‘டைட்டானிக்’ கப்பல் ஏறினார்கள். அவர்களில் 11 பேர் பெண்கள். அமெரிக்காவில் வேலை பார்த்து ஊர் திரும்பியிருந்த ஒருத்தி, தன் உறவுப் பெண்ணையும் உடனழைத்துக்கொண்டு போனாள். நாம் மேலே சொன்ன அதே சங்கிலி. பதினால்வரில் பிழைத்தவர் மூவர், மூவரும் பெண்கள். அவர்களில் ஒருவர் பின்னர் அமெரிக்காவில் தொமினிக் சபைக் கன்னியரானார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு, கப்பல் மூழ்கிய வேளையில், லஹர்டான் ஊர் ஆலய மணி ஒலிக்கிறது. இறந்த பதினொருவருக்குத் துக்க மணி பதினொன்று, பிழைத்த மூவருக்கு மகிழ்ச்சி மணி மூன்று.

அதற்கு இருபது ஆண்டு முன், 1892 சனவரி 1 அன்று எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, முதன்முதலாக உள்ளே நடந்தவள் ஆனி மூர் என்னும் 17 வயதுக் கார்க் நகரப் பெண். தம்பியர் இருவரைக் கையில் பிடித்திருந்தாள். அதிகாரி அவள் கையில் பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்தார். அவளுக்குக் கோவிலும் எல்லிஸ் தீவிலும் சிலைகள் உண்டு. ஆனால் மெய்யான ஆனி எங்கே போனாள் என்பதை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. டெக்சாஸ் சென்ற வேறொரு பெண்ணை அவள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2006-இல்தான் ஆராய்ச்சியாளர் உண்மையைக் கண்டனர். அவள் நியூயார்க்கின் ஏழையர் பகுதியிலேயே வாழ்ந்து, அடுமனைத் தொழிலாளி ஒருவரை மணந்து, பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்து, 1924-இல் இறந்திருந்தாள். குவீன்ஸ் பகுதியிலுள்ள கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில் அவள் கிடந்த இடத்தில் பெயர்க்கல் கூட இல்லை. 2008-இல், 84 ஆண்டு கழித்து, அயர்லாந்துச் சுண்ணக்கல்லில் சிலுவை செய்து அங்கே நட்டார்கள்.

1924-இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் வரம்பு விதித்தது. 1929-க்குப் பின் அங்கேயே வேலையில்லை. அயர்லாந்துப் பெண்கள் திசை மாறி இங்கிலாந்துக்குப் போனார்கள். 1948-இல் அங்கே தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, செவிலியர் பயிற்சிக்கு அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்களைச் சேர்த்தார்கள். சொந்த நாடு சுதந்திரம் பெற்றுங்கூட, மணமான பெண் அரசுப் பணியிலிருந்து விலகிவிட வேண்டும் என்ற விதி அங்கே 1973 வரை இருந்தது. போனதற்குக் காரணம் கேட்கவா வேண்டும்?

இன்று அந்த அயர்லாந்தின் மருத்துவமனைகளில் ஆள் போதவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்தியாவிலிருந்து, சிறப்பாகக் கேரளத்திலிருந்து, செவிலியர்கள் அங்கே சென்று பணிபுரிகிறார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள். முதலில் அவர்கள் தனியே போனார்கள், பின்னர் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். டப்ளின் நகரப் பங்கு ஆலயங்கள் சிலவற்றில் இப்போது மலையாளத்திலும் திருப்பலி நடைபெறுகிறது.